எதிர்வீட்டில் சிக்ஸர்... எங்கள் வீட்டில் சக்கரம்!

ரெண்டு பந்து. பத்து ரன்.

2023 மே 29-ம் தேதி ராத்திரி தொடங்கி, மழையில் நனைந்து, மறுநாள் விடிகாலை ஒன்றரை மணி வரை இழுத்துக்கொண்டு போன அந்த ஐ.பி.எல். ஃபைனல் ஞாபகம் இருக்கிறதா? அகமதாபாத்தில் மோஹித் சர்மா கையில் பந்து. எதிரே ஜடேஜா. அயனாவரத்தில், எங்கள் வீட்டு ஹாலில், சோபாவின் நுனியில் நான். பக்கத்தில் ஈஸி சேரில் கண்ணை மூடிக்கொண்டு அப்பா.

மோஹித் இன்னும் ஓடி வரவே ஆரம்பிக்கவில்லை. அதற்குள் எதிர்வீட்டிலிருந்து 'ஹே...ய்!' என்று ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து விசில். யாரோ தட்டை எடுத்துத் தட்டுகிற ஓசை வேறு.

என் டி.வி.யில் மோஹித் அப்போதுதான் ஃபீல்டரைத் தள்ளி நிற்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்!

"சிக்ஸ் போலிருக்கு" என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமலே.

முப்பது வினாடி கழித்து எங்கள் வீட்டிலும் ஜடேஜா சிக்ஸ் அடித்தார். நான் கத்தவில்லை. எப்படிக் கத்துவது? கல்யாணத்துக்குப் போய், பந்தி முடிந்து வாசலில் தாம்பூலம் கொடுக்கும்போது நுழைந்தவன் கதை. கடைசிப் பந்துக்கு முன்னால் எதிர்வீட்டில் பட்டாசே வெடித்துவிட்டார்கள். எங்கள் டி.வி.யில் அந்த நேரத்தில் நடுவே ஒரு சக்கரம் தோன்றி, மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

எதிர்வீட்டில் இருப்பது கேபிள். எங்கள் வீட்டில் இன்டர்நெட். நடுவில் இருபதடி ரோடு.

கேபிளை வெட்டி அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. வெட்டியது நான். வெட்டச் சொன்னது ஆபீஸில் பக்கத்து சீட். "என்னது, இன்னும் கேபிளா? அப்ப வீட்ல ஆட்டுக்கல், அம்மி எல்லாம்கூட வச்சிருப்பியே?" என்று ஒருநாள் டீ டயத்தில் நாலு பேர் முன்னால் கேட்டான். மனுஷனுக்கு ரோஷம் வராதா? அன்று சாயங்காலமே கேபிள்காரருக்குப் போன் போட்டு, "அண்ணே, அடுத்த மாசத்திலிருந்து வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. "சரி தம்பி" என்றார். அந்த 'சரி தம்பி'யை அவர் அந்த மாதம் எத்தனை பேரிடம் சொன்னாரோ.

முதலில் இந்த முப்பது வினாடி விவகாரத்தைத் தீர்த்துவிடுவோம். ஆபீஸில் கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். 'நெட் ஸ்லோ' என்பவர்கள் பாதிப் பேர். நெட் ஸ்லோ இல்லை ஸார்! விஷயமே வேறு.

கேபிள் டி.வி. என்பது கல்யாணப் பந்தி. சாட்டிலைட்டிலிருந்து வரும் சேனல்களை எல்லாம் கன்ட்ரோல் ரூமில் பெரிய பெரிய டிஷ் வைத்துப் பிடித்து, மொத்தமாக ஒரே வயரில் ஊருக்கே அனுப்பிவிடுகிறார்கள். உங்கள் வீட்டு வயருக்குள் எல்லா சேனலும் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். ரிமோட்டில் நீங்கள் செய்வது, வந்ததில் எனக்கு வேண்டியது இது என்று பொறுக்கிக்கொள்வது மட்டுமே. பத்து பேர் பார்த்தாலும் பத்தாயிரம் பேர் பார்த்தாலும் பரிமாறுகிறவருக்கு ஒரே வேலை.

இன்டர்நெட் டி.வி. ஹோட்டல். நீங்கள் உட்கார்ந்து ஆர்டர் கொடுத்தால்தான் தோசை வார்க்கவே ஆரம்பிப்பார்கள். உங்களுக்கு ஒரு தோசை, பக்கத்து டேபிளுக்கு ஒரு தோசை. ஒரு கோடிப் பேர் ஒரே மேட்ச்சைப் பார்த்தால் ஒரு கோடி தோசை தனித்தனியாக! ஒரே அடுப்பில் ஆகிற காரியமா? அதனால் ஊர் ஊராகக் கிளைச் சமையலறை மாதிரி சர்வர்களை வைத்து, அங்கங்கே பக்கத்திலிருந்து பரிமாறுகிறார்கள்.

சரி, தாமதம் ஏன்? படத்தை அப்படியே ஆறாக ஓடவிடுவதில்லை. இரண்டு வினாடியிலிருந்து பத்து வினாடி வரை நீளமுள்ள துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் நாலைந்து தரத்தில் தயார் செய்து, பார்சல் கட்டி அனுப்புகிறார்கள். உங்கள் டி.வி.யில் இருக்கும் ஆப், சில துண்டுகள் கையிருப்பு சேர்ந்த பிறகுதான் முதல் துண்டையே காட்டும். நடுவில் லைன் கொஞ்சம் திணறினாலும் படம் நிற்காமல் இருக்க இந்த முன்ஜாக்கிரதை. நறுக்க, கட்ட, அனுப்ப, சேர்த்துவைக்க... இதில்தான் முப்பது வினாடி போகிறது. லைன் ரொம்பத் திணறினால் அடுத்த துண்டை மட்டமான தரத்தில் வாங்கிக்கொள்ளும்; ஜடேஜா திடீரென்று மொசைக் தரை மாதிரி கட்டம் கட்டமாகத் தெரிவது அதனால்தான். மட்டமான துண்டுகூட வந்து சேராவிட்டால்... சக்கரம்.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. டி.வி. சாட்டிலைட் இருப்பது நம் தலைக்கு மேலே சுமார் 36 ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தில். மேலே போய்க் கீழே வர 72 ஆயிரம் கிலோமீட்டர். அதற்கு ஆகும் நேரம் கால் வினாடிதான்! அவ்வளவு தூரம் போய்வந்த ஜடேஜா எதிர்வீட்டில் சிக்ஸ் அடித்து முடித்துவிட்டார். ஊருக்குள்ளேயே இருக்கும் சர்வரிலிருந்து வரவேண்டிய ஜடேஜா, பார்சல் கட்டுகிற இடத்தில் கியூவில் நின்றுகொண்டிருந்தார்.

தோசை மாஸ்டர்களையும் குறை சொல்லக்கூடாது. அந்த ஃபைனலை ஜியோ சினிமாவில் ஒரே நேரத்தில் 3 கோடிக்கு மேல் பார்த்தார்கள். அதே வருஷம் நவம்பர் 19-ம் தேதி நடந்த உலகக் கோப்பை ஃபைனலை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் பார்த்தவர்கள் 5.9 கோடி. அத்தனை பேருக்கும் தோசை போய்ச் சேர்ந்தது. கோப்பைதான் ஆஸ்திரேலியாவுக்குப் போய்ச் சேர்ந்தது.

இந்தக் காலத்துப் பையன்களுக்கு இதெல்லாம் பிறந்ததிலிருந்தே இருப்பது போலத் தோன்றும். அப்பாவைக் கேட்டால் வேறு கதை. சென்னையில் தூர்தர்ஷன் வந்தது 1975 ஆகஸ்ட் 15. கலர் வந்தது 1982. அதே வருஷம் இலங்கையில் ரூபவாஹினி ஆரம்பித்ததும், கடலோர ஊர்களில் மொட்டை மாடிக்கு மொட்டை மாடி ஆன்டெனா தெற்கே பார்த்துத் திரும்பியது. மேலே ஒருவர் கம்பியைத் திருப்ப, கீழே ஒருவர் "போதும்... போதும்... ஐயோ, போயிடுச்சு!" என்று கத்த, நடு மாடிப்படியில் ஒரு சின்னப் பையன் நின்று அந்தச் செய்தியை மேலே கடத்த வேண்டும்.

அப்புறம் தெருவில் ஒருத்தர் வீட்டில் வி.சி.ஆர். வைத்து, அங்கிருந்து வீடு வீடாக வயர் இழுத்துப் படம் போட்டார்கள். 1991-ல் வளைகுடாப் போரை சி.என்.என். நேரடியாகக் காட்ட, டிஷ் ஆன்டெனா என்ற பெயர் பிரபலமானது. 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டி.வி. வந்தது. கேபிளுக்கென்று ஒரு சட்டம் 1995-ல்தான் வந்தது. அதற்குள் வயர்கள் மரத்துக்கு மரம், மாடிக்கு மாடி தாவி ஊரையே கட்டிப் போட்டுவிட்டன. 2003 செப்டம்பர் 1-ல் சென்னையில் செட்டாப் பாக்ஸ் கட்டாயம் என்றார்கள். (நான்கு பெருநகரங்களில் அப்போது அதை நிஜமாகவே நடைமுறைக்குக் கொண்டுவந்தது நம் சென்னை மட்டும்தான்!) 2011-ல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது. 2019 பிப்ரவரியில் 'சேனலை நீங்களே தேர்ந்தெடுங்கள்' என்றார்கள். நூறு சேனலுக்கு அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய், வரியோடு 153 ரூபாய் 40 காசு. கட்டணச் சேனல் தனி. அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டில் நடந்த சண்டைகளை நினைத்தால்... வேண்டாம், விடுங்கள்.

இந்தப் பக்கம் இன்டர்நெட்டில் படம் பார்ப்பது ரொம்ப நாள் பணக்காரச் சமாச்சாரமாகவே இருந்தது. ஹாட்ஸ்டார் 2015-லும், நெட்ஃபிளிக்ஸ் 2016 ஜனவரியிலும் வந்துவிட்டன. ஆனால் செல்போனில் ஒரு ஜி.பி. டேட்டா இருநூறு, இருநூற்றைம்பது ரூபாய் விற்ற காலம் அது. நல்ல துல்லியத்தில் ஒரு மணி நேரம் படம் பார்த்தால் சுமார் 3 ஜி.பி. தின்றுவிடும். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தப் பணத்தில் குடும்பத்தோடு தியேட்டருக்குப் போய், பாப்கார்னும் வாங்கிவிடலாம். 2016 செப்டம்பர் 5-ல் ஜியோ வந்து டேட்டாவைச் சும்மா அள்ளிவிட்ட பிறகுதான் எல்லாம் தலைகீழானது. மறு வருஷமே சன் நெக்ஸ்ட் வந்தது. 2020-ல் கொரோனா வந்து எல்லோரையும் வீட்டில் உட்காரவைத்ததும், ஆபீஸ் வேலைக்காக வந்த ஃபைபர் லைன் மெதுவாக டி.வி. பக்கம் திரும்பிவிட்டது.

திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் தங்கியிருந்தவர்களுக்குத் தெரியும். கீழே ஹாலில் ஒரு டி.வி., முப்பது பேர், ஒரே ரிமோட். ரிமோட் யாரிடமோ அவர்தான் அன்றைய மாவட்டக் கலெக்டர். இன்றைக்கு ஹால் காலி. ஆளுக்கொரு ரூமில், ஆளுக்கொரு போனில், காதில் ஒயர். ஒருத்தன் பாஸ்வேர்டில் ஆறு பேர் பார்த்த பொற்காலமும், 2023 ஜூலையில் நெட்ஃபிளிக்ஸ் 'ஒரு அக்கவுன்ட், ஒரே வீடு' என்று கறாராகச் சொன்னதோடு போயிற்று.

என் கதைக்கு வருகிறேன்.

கேபிள் போனதில் எனக்குக் கஷ்டமே இல்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு ஆபீஸிலிருந்து வந்து, எனக்கு வேண்டியதை எனக்கு வேண்டிய நேரத்தில் பார்த்தேன். கஷ்டம் அப்பாவுக்கு.

அப்பா ஐ.சி.எஃப்.பில் 33 வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். ரயில் பெட்டியையே பிரித்துப் பூட்டியவருக்கு இந்த ரிமோட் பிடிபடவில்லை. பழைய ரிமோட்டில் அவருக்கு நாலே நாலு நம்பர் மனப்பாடம். செய்தி, பாட்டு, பழைய படம், பக்தி. கண்ணாடி போடாமலே விரல் தன்னால் போகும். புது ரிமோட்டில் நம்பரே கிடையாது. நாலு அம்பு, நடுவில் ஒரு வட்டம்.

டி.வி.யைப் போட்டதும் செய்தி வராது. சினிமா போஸ்டர் வரும். போஸ்டரைத் தாண்டி ஆப்புக்குள் போனால், 'பார்ப்பது யார்?' என்று கேட்கும்.

"நான்தான்னு சொல்லு" என்றார் அப்பா.

"அப்படி இல்லப்பா. உங்க பேர் இருக்குல்ல, அதுமேல வச்சு அமுக்கணும்."

"என் வீட்டு டி.வி.க்கு நான் யாருன்னு தெரியாதா?"

ஒருநாள் பழைய சீரியல் ஒன்றை வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலாவது எபிசோடு தாண்டியதும் படத்தை நிறுத்திவிட்டு, 'இன்னும் பார்க்கிறீர்களா?' என்று கேட்டது அது. அப்பாவுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "தூங்கிட்டேன்னு நினைக்குதா? இல்ல, எழுந்து போய் வேலையைப் பாருங்குதா?" என்று என்னிடம் பாய்ந்தார். இன்னொரு நாள் பாஸ்வேர்டு கேட்டது. அம்பை வைத்து ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தி நகர்த்தி அடிக்க வேண்டும். பதினோராவது எழுத்தில் தப்பாக அமுக்கி, மொத்தமும் அழிந்து, ரிமோட்டை மேஜைமேல் வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவர் டி.வி. பற்றி எதுவும் சொல்லவில்லை. பழகிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். நமக்கு வசதியான நினைப்பு சீக்கிரம் வந்துவிடுமே!

ஜூலை மாதம் ஒருநாள் தலைவலி என்று சீக்கிரம் வீட்டுக்கு வந்தேன். மணி ஏழே முக்கால். ஹாலில் விளக்கு எரிகிறது, டி.வி. ஓடவில்லை. அம்மா கோவிலுக்குப் போயிருந்தார். அப்பாவைக் காணோம். வாசலுக்கு வந்தால், எதிர்வீட்டுப் படியில் அப்பாவின் செருப்பு. இடது பக்க வார் அறுந்து, செப்பல் கடைக்காரரிடம் தைத்த அதே செருப்பு.

எதிர்வீட்டு அக்கா வாசலுக்கு வந்து, "சார் நியூஸ் பார்த்துட்டிருக்காரு தம்பி. தினமும் ஏழரைக்கு வந்து எட்டு மணிக்கெல்லாம் போயிடுவாரு. உங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

எனக்குத் தெரியாது. ஐம்பத்தைந்து இன்ச் டி.வி.யை வீட்டில் வைத்துக்கொண்டு, மனுஷன் ரெண்டு மாதமாக எதிர்வீட்டில் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து செய்தி பார்த்துவிட்டு வந்திருக்கிறார். அந்த வீட்டுப் பையன்கள் கார்ட்டூனை விட்டுக் கொடுத்திருக்கிறார்கள். நான் உள்ளே போகவில்லை. திரும்பி வந்து, அவர் வரும்போது எதுவும் தெரியாத மாதிரி தலையைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

அன்று ராத்திரி ஒரு கணக்குப் போட்டேன். கேபிளை வெட்டியதே காசு மிச்சம் என்றுதானே? கேபிளுக்கு மாதம் 300 ரூபாய், வருஷத்துக்கு 3,600. சரி. இப்போது என்ன கட்டுகிறேன்? கிரிக்கெட்டுக்கு ஒரு ஆப், வருஷம் 1,499. தமிழ்ச் சேனல்களுக்கு ஒன்று, வருஷம் 799. படங்களுக்கு ஒன்று, மாதம் 199 வீதம் வருஷம் 2,388. மொத்தம் 4,686. அதாவது மிச்சம் பிடித்த வகையில் 1,086 ரூபாய் நஷ்டம்! இதில் நெட் பில் வருஷம் 9,900-ஐச் சேர்க்கவே இல்லை. அது ஆபீஸ் வேலைக்கு எப்படியும் வேண்டும் என்பதால் கணக்கில் விட்டுவிட்டேன். வேலைக்கு நெட் தேவைப்படாதவர்கள் அதையும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள், மயக்கம் வரும்.

'கேபிளை வெட்டினால் லாபம்' என்று சொல்கிற நண்பர்கள் இந்தக் கணக்கைப் போட்டிருக்க மாட்டார்கள். அல்லது, ஆயிரம் சேனல் மாதம் இருநூறு ரூபாய் என்று டெலிகிராமில் யாரோ அனுப்பிய ஆப்பை ஏற்றியிருப்பார்கள். திருட்டு சரக்கு என்பது ஒரு பக்கம். கடையில் இல்லாத அந்த ஆப்பை, 'எல்லா அனுமதியும் தருகிறேன்' என்று அமுக்கி, பேங்க் வேலையும் செய்கிற அதே போனில் ஏற்றுகிறீர்களே, அதுதான் எனக்குப் பயம்.

மறுநாள் கேபிள்காரருக்குப் போன் போட்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். டி.வி.எஸ். எக்ஸெல்லின் பின்னால் சுருள் சுருளாக வயர். கறுப்பு கேபிள் வயர் இல்லை, மெல்லிசான ஃபைபர்.

"என்னண்ணே, நீங்களுமா?"

"பின்னே? நானூறு வீடு இருந்துச்சு தம்பி. இப்ப நூத்தி அறுபது. பசங்க படிக்கிறாங்க. கேபிள் கேபிள்னு உட்கார்ந்திருந்தா ஆவுமா?" என்றார். அம்மா கொடுத்த காபியை வாங்கிக்கொண்டு, "மழை வந்தா மரத்து மேல ஏறி ஒயர் கட்டினவன் நான். மாடியில குட்டி டிஷ் வச்சவங்களுக்கு மழை வந்தாலே படம் போயிடும், நம்ம லைன் நிக்காது. அப்பல்லாம் அத சொல்லித்தான் கனெக்ஷன் பிடிப்போம்" என்றார்.

அவர் சொன்னது நிஜம். டி.டி.எச். சின்ன டிஷ்ஷுக்கு வரும் அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர்தான். கனமழை அதை விழுங்கிவிடும். கன்ட்ரோல் ரூமின் பெரிய டிஷ் பிடிப்பது அதைப்போல மூன்று மடங்கு நீள அலை; மழையைப் பொருட்படுத்தாது. அந்த டி.டி.எச்.சும் இப்போது சரிவில்தான். 2020 வாக்கில் நாட்டில் 7 கோடியை எட்டிய டி.டி.எச். கனெக்ஷன்கள், 2025-ல் 6 கோடிக்கும் கீழே இறங்கிவிட்டன.

கேபிள்காரருக்கு ஒரே ஒரு விஷயத்தில்தான் ஆத்திரம். "எங்களுக்கு மட்டும் சேனலுக்கு இவ்வளவுன்னு ரேட்டு, ரூல்ஸ், வரி. அதே மேட்ச்சை போன்ல ஓசியில காட்டினா என்கிட்ட எவன் காசு கட்டுவான்?" 2023 ஐ.பி.எல். அப்படித்தான் ஆனது. டி.வி.யில் பார்க்கக் கட்டணச் சேனல் வேண்டும். அதையே ஜியோ சினிமாவில் இலவசமாகக் காட்டினார்கள். 2019-ல் வந்த கட்டண விதிகள் கேபிளையும் டி.டி.எச்.சையும்தான் கட்டும். ஆப்பைக் கட்டாது. அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

இன்னொன்றும் போய்விட்டது. எங்கள் ஏரியா கேபிளில் ஒரு லோக்கல் சேனல் உண்டு. கீழே ஓடும் எழுத்தில், தெருவில் யார் வீட்டுக் குழந்தைக்குப் பிறந்தநாள், எந்த டிராவல்ஸில் சபரிமலைக்கு சீட் இருக்கிறது, நாளைக்கு எத்தனை மணிக்குக் கரன்ட் கட் என்று வந்துகொண்டே இருக்கும். மேலே ஏதோ ஒரு ராமராஜன் படம் ஓடும். உலகத்தில் இருக்கிற எந்த ஆப்பும் எனக்கு இன்றுவரை நாளைய கரன்ட் கட்டைச் சொன்னதில்லை.

கேபிள்காரர் கொண்டுவந்த பெட்டி கறுப்பாக, சோப்பு டப்பா சைஸில் இருந்தது. ஃபைபர் வழியாக வரும் நெட்டில்தான் ஓடுகிறது. ஆனால் ஆப் மாதிரி இல்லை. நெட் கம்பெனியின் சொந்த லைனுக்குள்ளேயே சேனல்கள் பந்தி முறையில் வருகின்றன. ஒரு தெருவுக்கு ஒரு பிரதி வந்து, கேட்கிற வீட்டுக்கெல்லாம் அங்கிருந்து பிரிந்து போகும். ஆளுக்கொரு தோசை வார்க்க வேண்டாம். அதனால் தாமதமும் குறைவு, சக்கரமும் அநேகமாக இல்லை. பி.எஸ்.என்.எல். 2024 அக்டோபரில் தமிழ்நாட்டிலும் மத்தியப் பிரதேசத்திலும் முதலில் தொடங்கிய ஃபைபர் டி.வி.யும் இந்த ஜாதிதான். சேனல் பார்க்கிற டேட்டா உங்கள் நெட் கணக்கில் சேராது.

எல்லாவற்றையும்விட முக்கியம், அந்தப் பெட்டியின் ரிமோட். அதில் நம்பர் இருந்தது! பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை, புடைப்பாக, ரப்பரில்.

அப்பா கண்ணாடி போட்டு நாலு நம்பரை ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டார். ஒரு வாரம் தாள் டி.வி. பக்கத்தில் இருந்தது. அப்புறம் தேவைப்படவில்லை. ஏழரை மணிக்கு எங்கள் வீட்டில் செய்தி சத்தம் கேட்க ஆரம்பித்தது. எதிர்வீட்டுப் பையன்களுக்குக் கார்ட்டூன் திரும்பக் கிடைத்தது.

நீங்களும் மாறப்போவதாக இருந்தால் அனுபவஸ்தன் என்ற முறையில் சில வார்த்தைகள். டி.வி.க்கு வைஃபையை நம்பாதீர்கள். ரௌட்டரிலிருந்து நேராக ஒரு லேன் வயர் இழுத்துவிட்டால் சக்கரத்தில் பாதி அங்கேயே நின்றுவிடும். வயர் இழுக்க வழியில்லை என்றால், டி.வி. ரௌட்டருக்குப் பக்கத்தில் இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸில் இணையுங்கள். நடுவில் இரண்டு சுவர் இருந்தால் பழைய 2.4-தான் தாங்கும். ஸ்பீடு ஸ்பீடு என்று அலைய வேண்டாம். நல்ல துல்லியமான படத்துக்கு 5 எம்.பி.பி.எஸ்., 4கே படத்துக்கு 15 போதும். நாலு பேர் உள்ள வீட்டுக்கு 300 எம்.பி.பி.எஸ். பிளானை விற்க வருகிறவரிடம் மோர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். செல்போன் டேட்டாவை டி.வி.க்கு இழுத்துப் பார்க்கிறவர்கள் ஜாக்கிரதை. தினம் 2 ஜி.பி. பிளானில், நல்ல துல்லியத்தில் ஒரு இன்னிங்ஸ்கூட முடியாது.

கரன்ட் போனால்? கேபிளும்தான் போகும், தெருவில் இருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் கரன்ட் வேண்டுமே. வீட்டில் இன்வெர்ட்டர் இல்லாதவர்கள் ரௌட்டருக்கென்றே விற்கும் குட்டி யு.பி.எஸ். ஒன்று வாங்கிவைத்தால் நெட்டாவது நிற்கும். அதற்கும் ஒரு எல்லை உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கரன்ட், ஃபைபர், செல்போன் டவர் எல்லாம் வரிசையாகக் கைவிட்டன. அப்பா பரணிலிருந்து பழைய டிரான்சிஸ்டரை இறக்கி, ரெண்டு பேட்டரி போட்டு, மெழுகுவத்தி வெளிச்சத்தில் ரேடியோவில் செய்தி கேட்டார். அன்று எதிர்வீட்டுக்காரர்கள் எங்கள் வீட்டில்.

கிரிக்கெட் மட்டும் இன்றும் எங்கள் வீட்டில் ஆப்பில்தான். அந்தச் சேனலுக்குத் தனியாகப் பணம் கட்ட மனசு வரவில்லை. அதனால் அந்த முப்பது வினாடி தாமதமும் அப்படியே இருக்கிறது. அப்பா இப்போது என்னோடு உட்கார்ந்து மேட்ச் பார்க்கிறார். பந்துக்குப் பத்து ரூபாய் பந்தயம்.

"இந்தப் பந்துல விக்கெட்டுடா" என்பார், ஈஸி சேரில் சாய்ந்தபடி. விழும்.

"ஃபோர் போகும் பார்." போகும்.

முப்பத்து மூணு வருஷம் வேலை பார்த்த மூளை, ஆட்டத்தைக் கணிக்கிறது என்று ஆச்சரியப்பட்டேன். ஆபீஸில்கூடப் பெருமையாகச் சொன்னேன். 140 ரூபாய் தோற்ற பிறகுதான், அவர் ஈஸி சேரை ஜன்னலோரம் நகர்த்திப் போட்டிருப்பதையும், கொசு வருகிறது என்று அம்மா எத்தனை தடவை சொல்லியும் அந்த ஒரு ஜன்னலை மட்டும் அவர் சாத்த விடாததையும் கவனித்தேன். எதிர்வீட்டில் இன்னும் கேபிள்தான். அந்தப் பையன்களுக்குத் தொண்டை நல்ல தொண்டை.

நான் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த பந்துக்கும் பத்து ரூபாய் கட்டியிருக்கிறேன்.